ஸ்டோன் ரோசஸ்: வழக்கில் வென்று காலத்தைத் தவறவிட்ட இசைக்குழு

ஸ்டோன் ரோசஸ் என்பது இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் 1983 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ராக் இசைக்குழு ஆகும். 1989 இல் வெளிவந்த இதன் முதல் இசைத்தொகுப்பு பிரித்தானிய ராக் இசையின் மிகச் சிறந்த ஆக்கங்களுள் ஒன்றாக இன்றும் எண்ணப்படுகிறது. 2004 இல் அப்சர்வர் இதழ் தயாரித்த மிகச் சிறந்த 100 பிரித்தானிய இசைத்தொகுப்புகளின் பட்டியலில் அதற்கே முதலிடம் கிடைத்தது. ஆனால் இக்குழுவின் இரண்டாவது தொகுப்பு வெளிவர ஐந்து ஆண்டுகள் ஏழு மாதங்கள் ஆயின. மூன்றாவது தொகுப்பு வரவே இல்லை.

இந்த இடைவெளிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், இசைத்தட்டு நிறுவனத்துடன் நடந்த வழக்கு. நீதிமன்றம் இவர்களைக் கட்டிப்போட்டது, அதற்குள் காலம் கடந்துவிட்டது என்பார்கள். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது பாதி உண்மைதான் என்பது தெரியும்.

தோற்றம்

பாடகர் இயன் பிரவுனும் கிட்டார் கலைஞர் ஜான் ஸ்கொயரும் மான்செஸ்டரை அடுத்த டிம்பர்லியில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், ஒரே பள்ளியில் படித்தவர்கள். 1984 இல் ரெனி என்று அழைக்கப்படும் ஆலன் ரென் டிரம்ஸ் வாசிக்க வந்தார். 1987 இல் மானி எனப்படும் கேரி மௌன்ஃபீல்ட் பேஸ் கிட்டார் கலைஞராகச் சேர்ந்தார். புகழ்பெற்ற நால்வர் அணி இதுவே. மான்செஸ்டரில் இரவு விடுதி நடத்திவந்த கேரத் எவன்ஸ் மேலாளராக இருந்தார்.

குழு தொடங்கி முதல் தொகுப்பு வரும்வரை ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இவர்கள் ஒரே இரவில் புகழ் பெற்றவர்கள் அல்லர். சிறு அரங்குகளில் வாசித்து, உறுப்பினர்களை மாற்றி, நடையை மாற்றி, மெல்ல மெல்ல உருவானவர்கள்.

1989: எல்லாம் கைகூடிய ஆண்டு

ஜான் லெக்கி தயாரித்த முதல் தொகுப்பு, குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்டு 1989 மே மாதம் வெளிவந்தது. அட்டைப்படத்தை ஸ்கொயரே வரைந்தார். அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கின் பாணியில் வண்ணம் தெறித்த அந்த ஓவியத்தில் எலுமிச்சைத் துண்டுகள் இருக்கும். 1968 மே மாதம் பாரிஸில் நடந்த மாணவர் கிளர்ச்சியின்போது கண்ணீர்ப்புகையின் எரிச்சலைத் தணிக்க எலுமிச்சையைப் பயன்படுத்தினார்கள். அதைத்தான் அந்தத் துண்டுகள் குறிக்கின்றன.

இத்தொகுப்பின் சிறப்பு, 1960 களின் கிட்டார் இன்னிசையும் 1980 களின் இறுதியில் மான்செஸ்டர் நடன விடுதிகளில் ஒலித்த தாளமும் ஒன்றாகக் கலந்ததுதான். ரெனியின் டிரம்ஸும் மானியின் பேஸும் ஆடவைக்கும். ஸ்கொயரின் கிட்டார் அதன்மேல் மிதக்கும். அன்றைய ராக் குழுக்களில் பெரும்பாலானவை நடன இசையைத் தீண்டத்தகாததாகக் கருதின. இவர்களுக்கு அந்தத் தயக்கம் இல்லை. சோதனை முயற்சிகளுக்கும் அஞ்சவில்லை: "வாட்டர்ஃபால்" என்ற பாடலின் ஒலிநாடாவைத் தலைகீழாக ஓட்டி, அதன்மேல் புதிய வரிகளைப் பாடி, அடுத்த பாடலாக அதே தொகுப்பில் வைத்தார்கள்.

விற்பனை உடனே உச்சத்துக்குப் போகவில்லை. கேட்டவர்கள் பிறரிடம் சொல்லச் சொல்ல ஆண்டு முழுவதும் பரவியது. ஆகஸ்டில் பிளாக்பூல் எம்பிரஸ் அரங்கம் நிரம்பியது. நவம்பரில் லண்டன் அலெக்சாண்ட்ரா மாளிகை. அதே மாதம் வெளிவந்த "ஃபூல்ஸ் கோல்ட்" என்ற தனிப்பாடல் பிரித்தானியத் தரவரிசையில் 8 ஆம் இடம் வரை சென்றது. ஏறத்தாழ பத்து நிமிடம் ஓடும் அப்பாடல் முதல் தொகுப்பையும் தாண்டிய ஒரு புதிய திசையைக் காட்டியது. அந்தத் திசையில் இரண்டாவது தொகுப்பு ஒன்றை 1990 இலேயே தந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே இவர்களைப் பற்றிய பேச்சில் எப்போதும் எழும் கேள்வி.

1990: சாயமும் தீவும்

1990 ஜனவரியில் குழுவினர் வுல்வர்ஹாம்ப்டன் நகருக்குச் சென்று, தங்கள் பழைய இசைத்தட்டு நிறுவனத்தின் அலுவலகத்தில் சாயத்தை வாரி ஊற்றினார்கள். உரிமையாளர் மீதும் வெளியில் நின்ற கார்கள் மீதும் ஊற்றினார்கள். 1987 இல் வெளிவந்த "சாலி சின்னமன்" பாடலை அந்நிறுவனம் தங்களைக் கேட்காமல் ஒரு காணொளியுடன் மறுபடி வெளியிட்டது என்பதே கோபத்துக்குக் காரணம். கைது, விசாரணை எல்லாம் நடந்து, ஆளுக்கு 3,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. இளைஞர்களிடையே இது வீரச் செயலாகப் பேசப்பட்டது. விளம்பரம் என்ற அளவில் இலாபம்தான். ஆனால் ஒரு சிறு மனக்குறைக்காக ஆண்டு முழுவதும் நீளும் குற்ற வழக்கை வாங்கிக்கொள்வது வளர்ந்துவரும் குழுவுக்கு நல்ல கணக்கு அன்று.

அதே ஆண்டு மே 27 அன்று விட்னெஸ் நகரை ஒட்டிய ஸ்பைக் ஐலண்டில் திறந்தவெளி நிகழ்ச்சி நடந்தது. மெர்சி ஆற்றங்கரையில், வேதித் தொழிற்சாலைகள் சூழ்ந்த இடம் அது. சுமார் 27,000 பேர் திரண்டார்கள். ஏற்பாடுகள் மோசம், காற்று ஒலியை அடித்துக்கொண்டு போனது, பின்வரிசையில் நின்றவர்களுக்குப் பாடல் சரியாகக் கேட்கவில்லை. இருந்தும் ஒரு தலைமுறை கூடிய நாள் என்று அது இன்றும் நினைக்கப்படுகிறது. 2025 இல் பல்ப் இசைக்குழு வெளியிட்ட ஒரு பாடலின் தலைப்பே "ஸ்பைக் ஐலண்ட்" தான்.

அந்தக் கோடையில் திட்டமிட்டிருந்த அமெரிக்கப் பயணம் கைவிடப்பட்டது. ஜூலையில் "ஒன் லவ்" தனிப்பாடல் வெளிவந்து 4 ஆம் இடத்தைப் பிடித்தது. அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகளுக்கு மேல் புதிய பாடல் ஒன்றுகூட வரவில்லை.

ஒப்பந்தமும் வழக்கும்

1988 இல் இவர்கள் ஜோம்பா குழுமத்தைச் சேர்ந்த சில்வர்டோன் நிறுவனத்துடன் ஒலிப்பதிவு ஒப்பந்தமும், அதனுடன் பாடல் பதிப்புரிமை ஒப்பந்தமும் செய்திருந்தார்கள். காலத்தை நீட்டிக்கும் உரிமை நிறுவனத்தின் கையில் இருந்தது. குழு வேறு எவருக்கும் ஒலிப்பதிவு செய்யக் கூடாது. ஆனால் ஒலிப்பதிவு செய்ததை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கடமை நிறுவனத்துக்கு இல்லை. அதாவது, நிறுவனம் நினைத்தால் பாடல்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுக் குழுவை ஆண்டுக்கணக்கில் சும்மா உட்கார வைக்கலாம். இதில் கையெழுத்திட்ட இளைஞர்களுக்கோ அவர்களுடைய மேலாளருக்கோ இசைத்துறை ஒப்பந்தங்களில் அனுபவம் இல்லை. உடனிருந்த வழக்கறிஞருக்கும் இல்லை.

புகழ் வந்ததும் வேறு நிறுவனங்கள் பெருந்தொகையுடன் அணுகின. குழு வெளியேற முயன்றது. 1990 செப்டம்பரில் சில்வர்டோன், இவர்கள் வேறு நிறுவனத்துக்கு ஒலிப்பதிவு செய்யாதபடி நீதிமன்றத் தடை பெற்றது.

1991 மே மாதம் தீர்ப்பு குழுவுக்குச் சாதகமாக வந்தது. சட்டம் பயிலும் மாணவர்களுக்கு இது முக்கியமான வழக்கு. ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தில் ஒருவர் தம் தொழிலைச் செய்யவிடாமல் நியாயமற்ற முறையில் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்ற கொள்கை உண்டு. 1974 இல் டோனி மெக்காலே என்ற இளம் பாடலாசிரியர் தொடர்பான வழக்கில் பிரபுக்கள் அவை இக்கொள்கையை இசைத்துறைக்குப் பொருத்தியது. அங்கும் சிக்கல் இதே வகைதான்: எழுத்தாளர் கட்டுண்டிருப்பார், பதிப்பாளருக்கு வெளியிடும் கடமை இராது. ஸ்டோன் ரோசஸ் வழக்கில் நீதிமன்றம் இரு தரப்பின் பேரம் பேசும் வலு சமமாக இல்லாததையும், தகுந்த ஆலோசனை கிடைக்காததையும் கணக்கில் எடுத்து, இரு ஒப்பந்தங்களும் குழுவைக் கட்டுப்படுத்தா என்று தீர்ப்பளித்தது.

இதன் எல்லையையும் அறிய வேண்டும். மூன்று ஆண்டுகள் கழித்து, 1994 இல், பாடகர் ஜார்ஜ் மைக்கேல் சோனி நிறுவனத்துக்கு எதிராக ஏறத்தாழ இதே வாதத்தை வைத்துத் தோற்றார். அவர் அப்போது உலகப் புகழ் பெற்றவர். கைதேர்ந்த வழக்கறிஞர்கள் உடனிருக்கத் தம் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதியவர். அறியாமல் கையெழுத்திட்டவரைச் சட்டம் காப்பாற்றியது. அறிந்து கையெழுத்திட்டவரைக் காப்பாற்றவில்லை.

தீர்ப்பை எதிர்த்துச் சில்வர்டோன் மேல்முறையீடு செய்ததால் மேலும் ஏறத்தாழ ஓர் ஆண்டு இழுபறி தொடர்ந்தது. அதற்குள் குழு அமெரிக்காவின் கெஃபன் நிறுவனத்துடன் பெருந்தொகைக்கு ஒப்பந்தம் செய்துவிட்டது.

இப்போது கணக்கைப் பார்க்கலாம். முதல் தொகுப்பு வெளிவந்த 1989 மே முதல் தடை வந்த 1990 செப்டம்பர் வரை பதினாறு மாதங்கள். அந்தக் காலத்தில் புதிய தொகுப்பை உருவாக்க எந்தச் சட்டத் தடையும் இல்லை. தடை தொடங்கியது முதல் மேல்முறையீட்டுச் சிக்கல் தீரும்வரை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். அதன்பின் 1994 டிசம்பர் வரை இரண்டு ஆண்டுகளுக்கும் மேல். ஆக, வழக்கின் தலையில் கட்டக்கூடியது அதிகம் போனால் பாதிக்கும் குறைவு. மீதி ஆண்டுகளுக்குக் குழுவினரே பொறுப்பு.

காலக்கெடு இல்லாத பணம்

கெஃபன் தந்த முன்பணம் நால்வரின் வாழ்க்கையையும் மாற்றிவிட்டது. சிலருக்குக் குழந்தைகள் பிறந்தன. வெவ்வேறு ஊர்களில் குடியேறினார்கள். முன்பு ஒரே நகரில், கையில் காசில்லாமல், வாரத்தில் பல நாள் ஒன்றாக வாசித்தவர்கள் இப்போது ஒருவரை ஒருவர் தேடிப்போய்ச் சந்திக்க வேண்டியிருந்தது. மேலாளர் எவன்ஸுடனான உறவும் முறிந்தது. உரிய நேரத்தில் "போதும், வெளியிடுங்கள்" என்று சொல்ல ஆள் இல்லை.

ஒலிப்பதிவு பெரும்பாலும் வேல்ஸில் உள்ள ராக்ஃபீல்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் நடந்தது. மாதக்கணக்கில் இழுத்தது. முதல் தொகுப்பைத் தயாரித்த ஜான் லெக்கி 1993 இல் பாதியிலேயே விலகினார். அவருக்குப் பின் பால் ஷ்ரோடர் வந்தார், அவருக்கும் பின் சைமன் டாசன் வந்து முடித்துவைத்தார். பாடல் எழுதும் முறையும் மாறியிருந்தது. முதல் தொகுப்பின் பாடல்களில் பிரவுன், ஸ்கொயர் இருவர் பெயரும் இருந்தன. இரண்டாவதில் பெரும்பாலானவை ஸ்கொயர் தனியாக எழுதியவை. இக்குழுவின் முறிவை ஆராய்பவர்கள் இந்தப் பெயர் மாற்றத்தையே முதல் அறிகுறியாகக் கொள்ளலாம்.

கெஃபன் நிறுவனத்தில் இப்படி ஒரு தொகுப்புக்காக நெடுங்காலம் காத்திருக்க வைத்தவர்கள் இவர்கள் மட்டும் அல்லர். கன்ஸ் அன் ரோசஸ் குழு 1990 களில் தொடங்கிய "சைனீஸ் டெமாக்ரசி" 2008 நவம்பரில்தான் வெளிவந்தது. அதற்குள் பாடகர் ஆக்சல் ரோஸ், விசைப்பலகைக் கலைஞர் டிஸ்ஸி ரீட் தவிர அதன் புகழ்க்கால உறுப்பினர் எவரும் குழுவில் இல்லை. லிவர்பூலின் தி லாஸ் குழு நேர்மாறான வகை. பாடலாசிரியர் லீ மேவர்ஸ் தம் மனத்தில் கேட்ட ஒலி எந்த ஒலிப்பதிவிலும் வரவில்லை என்று தயாரிப்பாளர்களை மாற்றிக்கொண்டே இருந்தார். நிறுவனம் பொறுமை இழந்து, இருந்தவற்றைக் கொண்டு 1990 இல் தொகுப்பை வெளியிட்டது. எல்லோரும் பாராட்டிய அத்தொகுப்பை அவர் ஏற்கவில்லை. அதன்பின் இன்னொன்று வரவும் இல்லை. அவரிடம் குறை இருந்தது உண்மை. ஆனால் அது சோம்பல் அன்று. ஸ்டோன் ரோசஸ் இந்த இரு வகைக்கும் நடுவில் நிற்கிறது. வேலை நடந்தது, ஆனால் அவசரம் இல்லாமல் நடந்தது.

அந்த ஆண்டுகளில் வெளியுலகம் எவ்வளவு மாறியது என்பதைக் காட்ட நிர்வாணா குழு ஒன்றே போதும். அதன் முதல் தொகுப்பு 1989 ஜூனில், ஸ்டோன் ரோசஸின் முதல் தொகுப்புக்குச் சில வாரங்கள் கழித்து வந்தது. இரண்டாவதான "நெவர்மைண்ட்" 1991 இல் அதே கெஃபன் குழுமத்தின் வழியாக வந்து உலக ராக் இசையையே திருப்பிப்போட்டது. மூன்றாவது 1993 இல் வந்தது. 1994 ஏப்ரலில் கர்ட் கோபேன் இறந்து குழு முடிவுக்கு வந்தது. நிர்வாணாவின் ஒலிப்பதிவுக்கூடத் தொகுப்புகள் அனைத்தும் ஸ்டோன் ரோசஸின் முதல் தொகுப்புக்கும் இரண்டாவது தொகுப்புக்கும் இடையில் அடங்கிவிட்டன.

பிரித்தானியாவிலும் 1994 இல் பிளர், ஒயாசிஸ் ஆகிய குழுக்கள் "பிரிட்பாப்" என்ற புதிய அலையை எழுப்பியிருந்தன. இவற்றுள் மான்செஸ்டரின் ஒயாசிஸ், ஸ்டோன் ரோசஸைக் கேட்டு வளர்ந்த குழு.

"செகண்ட் கமிங்"

இரண்டாவது தொகுப்பான "செகண்ட் கமிங்" 1994 டிசம்பர் 5 அன்று வெளிவந்தது. அதற்கு முன்னோட்டமாக வந்த "லவ் ஸ்ப்ரெட்ஸ்" தனிப்பாடல் தரவரிசையில் 2 ஆம் இடம் பிடித்தது. தொகுப்பு 4 ஆம் இடம். ஐந்தரை ஆண்டு மௌனத்துக்குப் பின்னும் இரசிகர்கள் காத்திருந்தார்கள் என்பதற்கு இது சான்று.

ஆனால் முதல் தொகுப்பின் மென்மையும் நடனத் தாளமும் இதில் குறைந்திருந்தன. லெட் செப்பலினை நினைவூட்டும் கனத்த கிட்டார் ஓங்கி நின்றது. தொடக்கப் பாடல் பதினோரு நிமிடத்துக்கு மேல் ஓடும். பாட்டு தொடங்குவதற்கே நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். மோசமான தொகுப்பு என்று இதைச் சொல்ல முடியாது. "டென் ஸ்டோரி லவ் சாங்" முதல் தொகுப்பின் எந்தப் பாடலுக்கும் குறைந்ததன்று. இரண்டு ஆண்டு இடைவெளியில் வந்திருந்தால் துணிச்சலான திருப்பம் என்று பாராட்டியிருப்பார்கள். ஐந்தரை ஆண்டு காக்கவைத்துவிட்டு எதைக் கொடுத்தாலும் குறையாகத்தான் தெரியும்.

வெளியீட்டையொட்டிய முதல் நேர்காணலை, வீடற்றோர் தெருவில் விற்றுப் பிழைக்கும் பிக் இஷ்யூ இதழுக்கு மட்டும் கொடுத்தார்கள். அவ்விதழின் விற்பனைக்கு அது பேருதவி, நல்ல செயல். ஆண்டுக்கணக்கில் காத்திருந்த இசை இதழ்களோ இதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டன.

1995-96: கலைந்த கூடு

1995 மார்ச்சில் ரெனி விலகினார். அவர் இடத்தை ராபி மேடிக்ஸ் நிரப்பினார். மே மாதம், முதல் தொகுப்பு வந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, குழு அமெரிக்காவில் முதன்முறையாகச் சுற்றுப்பயணம் செய்தது.

ஜூனில் கிளாஸ்டன்பரி விழாவின் சனிக்கிழமை இரவு முதன்மை நிகழ்ச்சி இவர்களுடையது. விழாவுக்குச் சற்று முன் ஸ்கொயர் கலிபோர்னியாவில் மலைச் சைக்கிளிலிருந்து விழுந்து தோள் காரை எலும்பை முறித்துக்கொண்டார். கடைசி நேரத்தில் பல்ப் குழுவை அழைத்தார்கள். 1978 இல் தொடங்கி, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓரங்கட்டப்பட்டுக் கிடந்த ஷெஃபீல்ட் குழு அது. அந்த ஒரே இரவில் அவர்கள் முதல்வரிசைக்கு வந்துவிட்டார்கள். விபத்துக்கு யாரையும் பழி சொல்ல முடியாது. ஆனால் கதவைத் தட்டிய வாய்ப்பைத் தயாராக நின்று பிடித்தவர்கள் யார் என்பது தெரிந்தது.

1996 ஏப்ரலில் ஸ்கொயர் விலகினார். ஆகஸ்ட் 10, 11 ஆகிய நாள்களில் நெப்வொர்த்தில் ஒயாசிஸ் இரண்டு இரவுகளில் மொத்தம் 2,50,000 பேர் முன் வாசித்தது. அந்த மேடையில் விருந்தினராக வந்து கிட்டார் வாசித்தவர் ஜான் ஸ்கொயர். இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 25 அன்று, அவர் இல்லாத ஸ்டோன் ரோசஸ் ரெடிங் விழாவில் மேடையேறியது. பழைய நால்வரில் பிரவுனும் மானியும் மட்டுமே இருந்தார்கள். பிரவுனின் குரல் சுருதி விலகியது. கூட்டத்தில் பலர் எழுந்து போனார்கள். அக்டோபரில் குழு கலைந்தது. மானி பிரைமல் ஸ்க்ரீம் குழுவில் சேர்ந்தார். ஸ்கொயர் சீஹார்சஸ் என்ற குழுவைத் தொடங்கினார். பிரவுன் தனித்துப் பாடி நெடுங்காலம் நிலைத்தார்.

மீண்டும் கூடியது

2011 அக்டோபரில் நால்வரும் மறுபடி சேர்வதாக அறிவித்தார்கள். 2012 ஜூன் 29 முதல் மூன்று நாள் மான்செஸ்டர் ஹீட்டன் பூங்காவில் நடந்த நிகழ்ச்சிகளுக்கான 2,20,000 நுழைவுச்சீட்டுகள் 68 நிமிடத்தில் விற்றுத் தீர்ந்தன. ஒரே ஒரு பெருந்தொகுப்பை நம்பி, இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து அத்தனை பேர் வந்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன் ஆம்ஸ்டர்டாமில் ரெனி நிகழ்ச்சி முடிவில் மேடைக்குத் திரும்பாமல் போய்விட்ட சம்பவமும் நடந்தது. பழைய உரசல் முற்றிலும் தீரவில்லை.

2016 இல் "ஆல் ஃபார் ஒன்", "பியூட்டிஃபுல் திங்" என இரண்டு தனிப்பாடல்கள் வந்தன. மூன்றாவது தொகுப்பு வருகிறது என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வரவில்லை. 2017 ஜூன் 24 அன்று கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க் அரங்கில் வாசித்ததே கடைசி நிகழ்ச்சி ஆயிற்று.

2024 இல் ஸ்கொயர், ஒயாசிஸின் முன்னாள் பாடகர் லியம் கேலகருடன் சேர்ந்து வெளியிட்ட தொகுப்பு பிரித்தானியத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. ஸ்டோன் ரோசஸின் இரு தொகுப்புகளும் வெளிவந்தபோது எட்டாத இடம் அது. மானி 2025 நவம்பரில் தம் 63 ஆம் வயதில் காலமானார்.